தாறாவுக்கும் ஒரு பலகை

எங்கள் குமரி மாவட்டப் புதுக்கடைப் பக்கம் வாத்தை 'வாத்து' என்று சொன்னாலே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது தாறாவு. அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் பாடம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். போன வாரம் அவர்களிடம், "டைனோசர் காலத்திலேயே தாறாவு இனம் உண்டு மக்களே, அதுவும் அண்டார்டிகாவிலே" என்றேன். "சும்மா சொல்லாதீங்க சார்" என்று ஒருத்தி சிரித்தாள்.

சும்மா இல்லை. அண்டார்டிகாவின் வேகா தீவில் அர்ஜென்டினாக்காரர்கள் 1992இல் கண்டெடுத்த தாறாவு இனப் பறவையின் எலும்புகளுக்கு 2005இல் வேகாவிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் குரல்பெட்டிகூடக் கல்லாகிக் கிடைத்தது; 2016இல் அதை விவரித்தவர்கள், வாத்து மாதிரியான குரலாக இருந்திருக்கும் என்றார்கள். 2025இல் ஏறக்குறைய முழுமையான மண்டையோட்டைப் பற்றிய ஆய்வு வந்தது. வயது 6.9 கோடி ஆண்டு. அன்று அங்கே பனிப்பாளம் இல்லை, காடு இருந்தது. குளிர்காலத்தில் நீண்ட இருட்டு. நம் தாறாவு வாலைத் தூக்கித் தலையை மட்டும் சேற்றில் விடும். வேகாவிஸ் அப்படியல்ல. கூரான அலகோடு நம் குளத்து முக்குளிப்பானைப் போல முழுதாக முங்கி மீனைத் துரத்திப் பிடித்த பறவை. அதே வட்டாரத்தில் சீமோர் தீவில் கிடைத்த இன்னொரு புதைபடிவப் பறவைக்கு 2002இல் போலார்ஆர்னிஸ் என்று பெயரிட்டவர் நம் நாட்டில் பிறந்த சங்கர் சாட்டர்ஜி.

இதைச் சொன்னால், "குமரிக்கண்டம் பத்தி சொல்லுங்க சார்" என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கு அலுப்பு வருவது அங்கேதான். பழைய இலக்கியம் சொல்லும் கடல்கோளை நான் மறுக்கவில்லை. ஆனால் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும், கடலில் மூழ்கிய கண்டம் என்ற லெமூரியாக் கதையைக் கிளப்பியவர் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேயர், 1864இல். பறவைகளில்தான் அவர் பெரிய நிபுணர்! மடகாஸ்கரின் லெமூருக்கும் இந்தியத் தேவாங்குக்கும் உள்ள உறவை விளக்க ஒரு கண்டத்தையே கடலுக்குள் வைத்துவிட்டார். கண்டங்களே நகரும் என்பது அன்று தெரியாது. அறிவியல் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது, நாம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மூழ்காத கண்டம் ஒன்று நம் காலடியில் இருக்கிறது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் நமக்கு அண்டை வீடு. வள்ளுவர் சிலை நிற்கும் பாறையின் உறவுப் பாறைகள் இன்று அண்டார்டிகப் பனிக்கடியில் கிடக்கின்றன. கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயத்தைப் படமெடுத்துக்கொண்டு, பாசிமணி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பாறைகளின் கதையைச் சொல்லும் ஒரு பலகையைக் கடற்கரையில் வைக்க அரசுக்குப் பெரிய செலவா ஆகிவிடும்? ஓரத்தில் ஒரு தாறாவுப் படமும் வரையலாம்.

"அப்போ அந்தத் தாறாவு நம்ம ஊர்லயும் நீந்துச்சா சார்?" என்று கேட்டாள் அதே பிள்ளை. இல்லை. சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன்பே நம் நிலம் அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்தப் பறவை முங்கி மீன் பிடித்த நாளில் நாம் கிளம்பி ஆறு கோடி வருஷம் ஆகியிருந்தது. பலகையில் அதையும் எழுத வேண்டும்.