எம்டன் கப்பலும் வவுச்சர் இல்லாத கதைகளும்

போன வாரம் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் பக்கத்து சீட் பெரியவரும் ஆரம்பித்தார்.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

"பி.காம் ஐயா."

"எம்டன் கப்பல் தெரியுமா?"

பி.காமுக்கும் எம்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் குண்டைப் போட்டுவிட்டார். "மெட்ராஸ்ல குண்டு போட்டதே நம்மாளுதான் தம்பி. செண்பகராமன் பிள்ளை. வெள்ளைக்காரன் வெளிய தெரியாம அமுக்கிட்டான்!"

பாதி மலையில் பிள்ளை அந்தக் கப்பலின் டாக்டர். பெருமாள்மலை வந்தபோது இன்ஜினியர். வெள்ளி அருவி தாண்டும்போது துணைக் கேப்டன். இன்னும் ரெண்டு வளைவு இருந்திருந்தால் ஜெர்மன் சக்கரவர்த்தியே ஆகியிருப்பார். மூன்று மணி நேரத்தில் இத்தனை பிரமோஷன் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதே கதையை வகுப்பில் கேட்டிருக்கிறேன், மேடையில் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது, வவுச்சர் இல்லாத எந்த வரவையும் நம்பாதே என்பதுதான்.

நடந்தது இவ்வளவுதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில உயிர்கள் போயின. ஊரே பெட்டி படுக்கையோடு ஓடியது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். அதே வருடம் நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்க, முல்லரே அதை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். நூற்றி முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். துருப்பிடித்த மிச்சத்தை 1950-களில் ஒரு ஜப்பான் கம்பெனி உடைத்து எடுத்துக்கொண்டு போனது. கப்பல் போனது, கதை மட்டும் இன்னும் மிதக்கிறது.

இப்போது பிள்ளை விஷயம். 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் எம்டன் சீனக் கரையில் உள்ள சிங்தாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. செண்பகராமன் பிள்ளை அந்த செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், இந்தியாவுக்கு ஆதரவு திரட்டும் சர்வதேசக் குழுவுக்குத் தலைவர். பிறகு பெர்லினுக்குப் போகிறார். சுவிட்சர்லாந்தில் கடலே கிடையாது. எங்கள் கொடைக்கானல் ஏரியில் பெடல் போட் மிதித்து எம்டனில் ஏறியதாகச் சொன்னாலும் இதைவிடக் கொஞ்சம் நம்பலாம்!

அடுத்தது, "சென்னைக்குள் இருந்து வழி காட்டியது யார்? உளவாளி இல்லாமல் இருட்டில் எப்படிச் சரியாக வந்தான்?" உண்டு சார், உளவாளி உண்டு. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கம். யுத்தம் ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியும் அதை அணைக்க வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்றவில்லை. ஊரிலும் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. எதிரிக்கு விளக்குப் பிடித்தது சாட்சாத் வெள்ளைக்கார அரசாங்கமேதான். சதியைவிட சோம்பேறித்தனம்தான் உலகத்தில் அதிகம். ஆனால் சோம்பேறித்தனத்தை வைத்து யாரும் கதை கட்டுவதில்லை, சுவாரசியம் இல்லையே.

"போடா, நாட்டுப்பற்றுல சொல்றாங்க, உனக்கு என்ன நஷ்டம்?" என்கிறான் ரூம்மேட். நஷ்டம் இருக்கிறது மாப்ளே, சொல்கிறேன்.

முதல் நஷ்டம் பிள்ளைக்கே. 1915-ல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் அவர்தான் வெளியுறவு அமைச்சர். 1934-ல் பெர்லினில் இறந்தார். 1966-ல் அவருடைய அஸ்தி ஐ.என்.எஸ். டெல்லி என்ற இந்தியப் போர்க்கப்பலில் கொச்சிக்கு வந்தது. அவர் நிஜமாகவே போர்க்கப்பலில் வந்த கதை இது. நெஞ்சை அடைக்கும் கதை. எத்தனை பேருக்குத் தெரியும்? ஏறாத கப்பல் தெரிகிறது, வந்த கப்பல் தெரியவில்லை.

இரண்டாவது நஷ்டம் ஒரு அப்பாவிக்கு. இலங்கையில் யால வனத்தின் முதல் காவலர் எங்கெல்பிரெக்ட் என்ற தென்னாப்பிரிக்க போயர். யுத்தக் கைதியாக வந்து, பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, அங்கேயே தங்கிவிட்ட மனிதர். எம்டனுக்கு மாட்டிறைச்சி கொடுத்தார் என்று எவனோ கிளப்பிவிட்டான். பிடித்து உள்ளே போட்டார்கள். 1928-ல் அவர் செத்துப்போனார். அதற்கப்புறம்தான் எம்டனில் இருந்த ஒரு அதிகாரியே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதினார். செத்தவனுக்கு அது எதற்கு? நமக்கு டீக்கடைப் பேச்சு, அந்த ஆளுக்கு ஜெயில்.

மூன்றாவது நஷ்டம் நமக்கு. அதற்குக் கடலுக்குப் போக வேண்டாம், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் போதும். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இதே கொடைக்கானலில்தான் இருந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 7.4 டன். ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-ல்தான் உடன்பாடு ஆனது. பதினைந்து வருஷம்!

நிஜமான விவகாரம் இப்படித்தான் இருக்கும். அதில் மர்மக் கேப்டன் கிடையாது. மூட்டை இருக்கும், எடை இருக்கும், தேதி இருக்கும், இருமிக்கொண்டே வரிசையில் நிற்கும் மனிதர்கள் இருப்பார்கள். எல்லாவற்றையும் "அமுக்கிட்டான்" என்று சொல்லிப் பழகிய ஊரில், ஒருவன் உண்மையான மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் "அட, இதுவும் எம்டன் கதைதான்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். தப்பு செய்தவனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அதனால் மக்களே, அடுத்த தடவை யாராவது ரகசியம் சொன்னால் கோபப்பட வேண்டாம். "வவுச்சர் எங்கண்ணே?" என்று மட்டும் கேளுங்கள்.

பி.கு: பெரியவரிடம் நான் கேட்டேனா என்றால், இல்லை. வழியில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். தின்றுவிட்டு எப்படிக் கேட்பது? அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.