ஒருசாலை மாணாக்கர் இருவர்

ஒரே வாங்கில் அமர்ந்து கற்றவரை ‘ஒருசாலை மாணாக்கர்’ என்று வழங்குவது பழைய தமிழ் மரபு. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்குரியாருள் உடன் கற்றோனையும் ஒருவனாக வைத்தார் நன்னூலார். ஒருவனுடைய குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே அறிந்தவன் அவனே என்பது கருத்துப் போலும். அத்தகைய இருவருடைய வரலாற்றை இவ்வாரம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

கனடாவின் மேற்குக் கரையை அடுத்த போர்ட் கொக்விட்லம் என்னும் ஊரில் டெரி பொக்ஸ், டக் அல்வார்ட் என்ற சிறுவர் இருவர் ஒரே பாடசாலையிற் கற்றனர். டெரிக்குக் கூடைப்பந்தாட்டத்தில் தணியாத மோகம். ஆனால் உருவமோ மிகச் சிறிது. 19 பேர் கொண்ட அணியில் 19ஆவது இடமே அவனுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு முழுவதிலும் அவன் களத்தில் நின்றது ஒரே ஒரு நிமிடம். அவன் சோர்ந்தானல்லன், விடாது பயின்றான். உயர்தரப் பாடசாலையின் இறுதி வகுப்பில், ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரன் என்னும் பரிசை டெரியும் டக்கும் பகிர்ந்து பெற்றனர்.

1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 18 வயதில், எலும்பிற் கண்ட புற்றுநோயினால் டெரியின் வலது கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. தொடர்ந்து 16 மாதங்கள் கடும் மருந்துச் சிகிச்சை. வைத்தியசாலையில் அவனுடைய உள்ளத்தை வருத்தியது தன் நோவன்று. அயற் கட்டில்களிற் கிடந்தவர்களின் நோவே. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காகக் கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக் கடப்பது என்று உறுதி பூண்டான்.

1980ஆம் ஆண்டு ஏப்ரில் 12ஆந் திகதி, நியூபவுண்லாந்துத் தீவிலே அத்திலாந்திக் சமுத்திரத்திற் பொய்க்காலை நனைத்து ஓடத் தொடங்கினான். உடன் சென்றவன் டக் ஒருவனே. வாகனத்தைச் செலுத்துவதும் உணவு சமைப்பதும் அவனுடைய பணிகள். ஆரம்ப நாட்களில் புயலும் மழையும் பனியும் எதிர்த்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர் தூரம், அதாவது ஒரு முழு மரதன் ஓட்டம், ஒற்றைக் காலோடு ஓடப்பட்டது.

தோழமை என்றால் எந்நாளும் தேனும் பாலும் என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கவனித்தல் வேண்டும். களைப்பும் நோவும் டெரியைச் சினமுடையவனாக்கின. நோவாஸ்கோஷியாவை அடைந்தபோது தோழர் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டனர். டெரியின் தம்பி டரல் பின்னர் வந்து சேர்ந்து இருவருக்குமிடையே பாலமானான். ஆயினும் பேச்சு நின்ற நாட்களிலும் டக் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் போகவில்லை. அடுத்த மைலின் முடிவில் தோழனுக்காகக் காத்து நின்றான். மனம் ஒத்த வேளையில் உதவுதல் எளிது. முகம் திரிந்த வேளையிலும் கடமை தவறாதிருத்தலே நட்பின் உரைகல்.

டெரியின் புகழ் பரவியதும் பல நிறுவனங்கள் அவனைத் தம் விளம்பரத்துக்கு நாடின. தன் ஓட்டத்தால் எவரும் இலாபம் அடையலாகாதென்று அவன் மறுத்துவிட்டான். செப்டெம்பர் 1ஆந் திகதி, 143ஆவது நாள், தண்டர்பே நகருக்கு அண்மையில் கடும் இருமலும் நெஞ்சு நோவும் கண்டன. வீதியோரத்தில் ஆரவாரித்து நின்ற மக்களைத் தாண்டும்வரை ஓடி, பின்பு வாகனத்தில் ஏறி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுமாறு டக்கிடம் கேட்டான். புற்றுநோய் நுரையீரலிற் பரவியிருந்தது. அதுகாறும் ஓடிய தூரம் 5,373 கிலோமீற்றர். 1981ஆம் ஆண்டு ஜூன் 28ஆந் திகதி, தன் 23ஆவது பிறந்த தினத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், அவன் மறைந்தான்.

கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் தரவேண்டும் என்பதே அவனுடைய வேண்டுகோள். அவன் கண் மூடுமுன்னரே, 1981ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அந்நாட்டின் ஜனத்தொகைக்கு ஈடாக 2 கோடியே 41 இலட்சம் டொலருக்கு மேற் சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலே தொடங்கிய நினைவோட்டம் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. இதுவரை திரண்ட நிதி 85 கோடி டொலரைக் கடந்துவிட்டது. நம்மூர்களிலிருந்து பெயர்ந்து அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளும் தத்தம் பாடசாலைகளில் அவ்வோட்டத்திற் கலந்துகொள்கின்றனர். அவர்களிடம் கேட்டால், டெரியின் கதையை நம்மினும் நன்றாகச் சொல்வார்கள்.

டக்கின் பெயரை அவர்களுட் சிலரே அறிவர். எனினும் இறுதி இடத்தில் நின்ற மாணவன் எத்தகையவன் என்பதை உலகம் அறியுமுன்னரே அறிந்திருந்தவன் அவன். சமைத்த உணவும் செலுத்திய வாகனமுமே அவன் செய்த பாயிரம். நம்முடன் கற்றவர்களுள்ளும் இத்தகையோர் இருத்தல் கூடும். அவர்கள் இருக்கும்போதே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.