சாட்சியும் ரசிகர்களும்

சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்ற விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டு இலக்கிய நண்பர் ஒருவர் போன மாதம் வந்தார். போட்டேன். அதோடு அவர் போயிருக்கலாம். உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். கோர்ட்டுக்குள் தமிழ் நுழைந்துவிட்டால் ஏழைக்கு நியாயம் கிடைத்துவிடும் என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. ஏன் என்பதற்கே இந்தக் கட்டுரை.

கோரிக்கையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவு உயர் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தை இருத்தியிருக்கிறது. ஜனாதிபதியின் சம்மதத்தோடு ஒரு மாநிலம் தன் மொழியையும் கொண்டுவரலாம் என்று கதவையும் சற்றுத் திறந்து வைத்திருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றுக்கு அந்தக் கதவு வழியாக ஹிந்தி போயாயிற்று. தமிழக சட்டசபை 2006-இல் தீர்மானம் போட்டு அனுப்பியது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி 2012-இல் முடியாது என்றார்கள். ஹிந்திக்கு ஒரு நீதி, தமிழுக்கு ஒரு நீதி. இதை எதிர்த்துக் கையெழுத்துப் போடாதவன் மழுப்புகிறான் என்பதே என் அபிப்ராயம்.

ஆனால் கீழ்க் கோர்ட்டுகளுக்குத் தமிழைக் கொண்டுவரும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆட்சிமொழிச் சட்டத்தில் அந்த வருஷம் சேர்த்த பிரிவுகள் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழிசெய்தன. தீர்ப்பு இன்றும் பல இடங்களில் ஆங்கிலத்தில் வருவது வேறு விஷயம். சாட்சியம் பெரும்பாலும் தமிழில்தான் பதிவாகிறது. எனவே நண்பரின் இரண்டாவது வாக்கியம் சரிதானா என்று பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டாம். நம் பக்கத்து ஊர்க் கோர்ட் ஒன்றில் அரைநாள் உட்கார்ந்தால் போதும்.

நான் உட்கார்ந்தேன். கடன் வசூல் வழக்கு ஒன்றில் வங்கித் தரப்புச் சாட்சி நான். பிரதிவாதிகளில் ஒருத்தி அறுபது தாண்டிய கிழவி, ஜாமீன்தாரர். கடன் வாங்கியவர் அவள் வேலை செய்த வயலின் சொந்தக்காரர். அவர் கோர்ட் பக்கமே வரவில்லை. கிழவி வந்தாள். பத்திரத்தைக் காட்டி எங்கள் வக்கீல் கேட்டார்: 'இந்த ரேகை உன்னோடதுதானா?' அவள் சொன்னாள்: 'அவிய வைக்கச் சொன்னாவ, வச்சேன்.' நீதிபதி ஒரு கணம் யோசித்து டைப்பிஸ்டுக்குச் சொன்னது: 'வா.சா.ஆ.3-இல் காணும் கைரேகை என்னுடையதுதான்.' அடுத்த கேள்வி. அதற்கு அவள் தலையை ஆட்டினாள். பதிவானது: 'கடன் விவரம் தெரிந்தே நான் ஜாமீன் கொடுத்தேன் என்றால் சரியல்ல.'

'என்றால் சரியல்ல' என்று தென்காசித் தாலுகாவில் பிறந்த எந்தக் கிழவியும் தன் ஆயுளில் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் அது தமிழ்தான். வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. அகராதியில் இல்லாத சொல் ஒன்றும் இல்லை. காணாமல் போனது 'அவிய சொன்னாவ'. அந்த வழக்கின் உயிர் முழுக்க அந்த இரண்டு சொல்லில் இருந்தது. அவள் 'அவர்' என்று சொல்லவில்லை, பெயரைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாத பெயர் அது. அந்த மரியாதைப் பன்மையில் யார் நிலம், யார் கூலி, யார் நிற்க வேண்டும், யார் உட்காரலாம் என்பதெல்லாம் இருக்கிறது. கட்டாயம் இருந்ததா என்று கேட்கிற கோர்ட்டுக்கு அந்த இலக்கணமே சாட்சி. அதை எடுத்துவிட்டு ரேகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிச்சத்தை அவள் வக்கீல் எழுதித் தாக்கல் செய்திருந்தார். 2002-க்குப் பிறகு சிவில் வழக்கில் முதல் விசாரணையே பிரமாணப் பத்திரமாகத்தான் போகிறது. அந்தப் பத்திரத்திலும் அவள் பேச்சு இல்லை, குமாஸ்தாவின் தமிழ்தான் இருந்தது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு கோர்ட்டுக்கு வர வேண்டியதே இல்லை. 1891-இல் அதற்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். நகல் எடுத்து, உண்மை நகல் என்று சான்றெழுதிக் கொடுத்தால் கணக்கு தன் வார்த்தையில் ஒரு புள்ளிகூட மாறாமல் பேசும். எண்ணுக்கு இருக்கிற பாதுகாப்பு கிழவியின் வாக்கியத்துக்கு இல்லை.

இது ஏதோ ஒரு நீதிபதியின் குணக்கேடு அல்ல. அவர் சட்டப்படிதான் செய்தார். கிரிமினல் வழக்கிலும் இதே கதைதான். 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியத்தைச் சாதாரணமாகக் கதைப்போக்கில் எழுது, உனக்குத் தோன்றினால் கேள்வி பதிலாக எழுதலாம் என்றது. 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் புதுச் சட்டம் ஹிந்திப் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்ததே தவிர, இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. கதைப்போக்கு என்றால் என்ன? கேள்வியை அழித்துவிட்டு, கேட்டவரின் சொல்லையும் சொன்னவரின் சொல்லையும் ஒன்றாகக் குழைத்து, 'நான்' என்று ஆரம்பித்து எழுதுவது. 'நான்' என்பது சாட்சி, வாக்கியம் வேறொருவருடையது. நாவல் விமர்சனத்தில் இதற்கு நாம் பக்கம் பக்கமாக எழுதுவோம். கதைசொல்லி யார், பார்வைக் கோணம் யாருடையது என்று கேட்காமல் ஒரு சிறுகதையை விடமாட்டோம். மனிதர்கள் ஜெயிலுக்குப் போவதும் வீடு ஏலத்துக்கு வருவதும் எந்தக் கதைசொல்லியை நம்பி நடக்கிறதோ, அந்தக் கதைசொல்லியை நாம் கேட்டதில்லை.

கேட்டவர்கள் சட்டப் பேராசிரியர்கள். 1938-இல் ராஜ்கோட்டில் பிறந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த உபேந்திர பக்ஷியைச் சொல்கிறேன். லொதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற மூவரோடு சேர்ந்து 1979 செப்டம்பரில் அவர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மதுரா வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கைப் பற்றியது. மகாராஷ்டிரத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்குள், 1972-இல், ஒரு ஆதிவாசிக் கூலிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை. செஷன்ஸ் கோர்ட் அவளைப் பொய்க்காரி என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் அவளை நம்பிப் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 1978-இல் அவர்களை விடுவித்தது: உடம்பில் காயம் இல்லை, கூச்சல் இல்லை, ஆகவே சம்மதம்.

நான்கு பேராசிரியர்களும் செய்தது என்ன? ஒரு பிரதியை உட்கார்ந்து படித்தார்கள். சம்மதத்தில் பணிதல் அடங்கும், ஆனால் பணிந்ததெல்லாம் சம்மதம் ஆகாது என்று இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த தூரத்தைக் காட்டினார்கள். சீருடையோடு இரண்டு பேர், கதவு சாத்திய ஸ்டேஷன், கூலிக்காரப் பெண் - இவற்றை வைத்து அந்த மௌனத்தை வாசிக்கச் சொன்னார்கள். இது விமர்சகன் வேலை. அந்தக் கடிதத்தை வைத்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் நடந்த பலாத்காரத்தில், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதமில்லை என்று அவள் சொன்னால், இல்லை என்றே கோர்ட் கொள்ள வேண்டும். ஒரு சொல்லை ஒழுங்காகப் படித்ததன் பலன். பக்ஷியின் பிற்கால வாழ்க்கையும் இந்தத் திசையில்தான் போயிற்று. ஆக்ரா காப்பகத்துப் பெண்களுக்காக லொதிகா சர்க்காரோடு 1981-இல் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காகவே எடுத்துக்கொண்டது. 1982-இல் இந்திய சட்ட அமைப்பின் நெருக்கடியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். யார் குரல் கோர்ட்டுக்குள் போகிறது, போகும்போது என்ன ஆகிறது என்ற கேள்வியை அவர் விடவில்லை.

நம்மிடம் வெண்மணி இருந்தது. 1968 டிசம்பர் 25. நாற்பத்து நான்கு பேர். 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இத்தனை நிலபுலம் உள்ள மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்றது. குடிசைக்காரனின் கண்கண்ட சாட்சியத்தைவிட மிராசுதாரின் கார் பெரிய சாட்சி. 1975-இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. நாயுடுவின் ஆண்மைக் குறைவு கலைத்தேவையா, சமரசமா என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். போட வேண்டியதுதான். அந்தத் தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? தமிழ்நாட்டு நிலவுடைமையின் அழகியலை அதைவிடப் பச்சையாகச் சொன்ன உரைநடை உண்டா?

நடைமுறைச் சட்டம் இனத்தை வெளிப்படையாகப் பேசிய காலம் ஒன்று உண்டு. 1883-இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்திய மாஜிஸ்திரேட் முன்னால் வெள்ளையன் நிற்பதா என்று கல்கத்தா வெள்ளையர்கள் கொதித்தார்கள். ஜூரியில் பாதிப்பேராவது வெள்ளையராக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இன பேதங்களில் மிச்சமிருந்தவற்றை 1949-இல் ஒரு சட்டம் போட்டு நீக்கினோம். எழுத்தில் இருந்ததை நீக்க முடிந்தது. 'அவிய' எழுத்திலேயே ஏறாதபோது எதை நீக்குவது?

இப்போது குற்றாலத்துக்கு வருகிறேன். தென்காசிக் கோர்ட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். டி.கே.சி. வக்கீல் படிப்புப் படித்தவர். அந்தத் தொழில் ருசிக்காமல் கவிதைக்கு வந்து கடைசியில் குற்றாலத்தில் தங்கியவர். தமிழனுக்குச் செவியைத் திருப்பிக் கொடுத்தவர் என்பதை நான் மறுக்கமாட்டேன். பண்டிதர்கள் பதம் பிரித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டை வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வைத்தார். பேச்சுத் தமிழில்தான் ஜீவன் இருக்கிறது என்றார். அதே டி.கே.சி. கம்பனில் தமக்கு ருசிக்காத பாட்டுகளைத் தள்ளினார், சொற்களை மாற்றினார். இது கம்பன் சொல்லியிருக்க முடியாது, இப்படித்தான் சொல்லியிருப்பான் என்றார். கிழவி இப்படித்தான் சொல்ல வந்தாள் என்று டைப்பிஸ்டுக்குச் சொல்கிற நீதிபதிக்கும் இந்த நம்பிக்கைக்கும் எவ்வளவு தூரம்? இரண்டு பேருக்குமே கெட்ட எண்ணம் கிடையாது. தன் காது தேறிய காது என்ற நிச்சயம்தான் இருவரிடமும் இருக்கிறது.

அவர் வழிவந்த ரசிகர்களில் எஸ். மகராஜன் உயர் நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தார். ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கினார், சட்டத்துக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிய ஆட்சிமொழி ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். பெரிய உழைப்பு. அந்தச் சொற்கள் நீதிபதிக்கும் வக்கீலுக்கும் கிடைத்தன. கூண்டில் நிற்பவளுக்கு அவற்றால் பேச்சு வரவில்லை. அவள் பேச்சைக் கேட்க ஒரு காதும் வரவில்லை. ரசனை சாரலில் நனைந்துகொண்டே இருந்துவிட்டது. தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர்கள்கூட, அதே பெண்கள் பத்து மணிக்கு வந்து டவாலியின் கூப்பாட்டுக்குக் காத்திருக்கும் வராந்தாவைத் தாண்டித்தான் பஸ் ஏறினார்கள்.

மொழி தெரிந்த நீதிபதி போதும் என்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கு. 1991, ஹெர்னாண்டஸ் எதிர் நியூயார்க். ஸ்பானிஷ் தெரிந்தவர்களை ஜூரியிலிருந்து அரசு வக்கீல் நீக்கினார். காரணம்: மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வதை மட்டும் ஏற்காமல், சாட்சி சொல்வதையே நேராகக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சாட்சியின் மொழி தெரிந்திருப்பது ஜூரிக்குத் தகுதிக் குறைவு ஆகிவிட்டது! கோர்ட் விரும்புவது பதிவை, பேச்சை அல்ல. அங்கே மொழிபெயர்ப்பாளர் செய்கிற காரியத்தை இங்கே தமிழிலிருந்து தமிழுக்கு நாமே செய்துகொள்கிறோம்.

நண்பர் ஒரு பதில் சொன்னார்: மலைபோலக் கேஸ் குவிந்திருக்கிறது, கிழவி இருமினதையெல்லாம் எழுத முடியுமா? முடியும். சாட்சியத்தை ஒலி-ஒளிக் கருவியில் பதியலாம் என்று 2008-இல் வந்த திருத்தமே சொல்கிறது. சாட்சியின் நடத்தையைப் பற்றிக் குறிப்பு எழுத நீதிபதிக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. கேள்வி பதிலாக எழுதவும் சட்டத்தில் இடம் உண்டு. இடம் இருந்தும் எழுதாததற்குக் காரணம், இதைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான். தமிழ் வேண்டும் என்று ஊர்வலம் போகிறவர்கள் எந்தத் தமிழ், யார் வாய்த் தமிழ் என்று கேட்பதில்லை. கேட்கத் தெரிந்த நாம் அருவிக்கரையில் கம்பனைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த வழக்கில் வங்கிக்கு டிக்ரி ஆயிற்று. சாட்சியத்தை வாசித்துக் காட்டியபோது கிழவி ரேகை வைத்தாள். யாரோ வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். 'அவிய' யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் பையில் சான்றெழுதிய நகல் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.