சுலபத்தில் கிட்டும் ஜயம்

வீட்டுத் திரையில் கால்பந்து வீடியோ விளையாட்டு ஆடும் வாலிபர் பலர், பத்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றதாகப் பெருமை பேசக் கேட்கிறோம். எந்தப் படியில் ஆடி வென்றீர் என்று வினவினால் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. கோல் கணக்கைக் காட்டிலும் இக்கேள்வியே முக்கியமானதென்பது நமது அபிப்பிராயம்.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் 1993-ல் தொடங்கி, 2023 முதல் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்னும் பெயரால் வெளியிட்டுவரும் விளையாட்டில், 'பிகினர்' முதல் 'அல்டிமேட்' வரை ஏழு படிகள் உண்டு. கீழ்ப்படிகளில் எதிரிகள் பொம்மைகளாய் நிற்கின்றனர். வேகமுள்ள முன்னணி வீரனுக்குப் பந்தை நீட்டி அனுப்பி, ஓட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கோல் விழுந்துவிடும். இதனால் விரலுக்குப் பயிற்சி உண்டாகலாம். புத்திக்கு யாதொரு வேலையும் இல்லை.

'லெஜண்டரி' என்னும் ஆறாம் படியிலோ நிலைமை வேறு. பந்து செல்லும் வழியை எதிரி அடைக்கிறான். நின்று யோசிக்க அவகாசம் தருவதில்லை. அவசரப்பட்டு நமது காவல் வீரனைப் பந்தின்மேல் பாயவிட்டால், அவன் விட்டுச்சென்ற இடத்தின் வழியாகவே கோல் வருகிறது. பந்தைப் பின்னுக்கு அனுப்பிப் பொறுத்திருப்பதும், வரிசை குலையாமல் நிற்பதும், சமயமறிந்து முன்னேறுவதும் அங்கேதான் கைவருகின்றன. மெய்யான மைதானத்தின் லக்ஷணமும் இதுவேயன்றோ?

தோற்றவர்கள், யந்திரம் சூழ்ச்சி செய்கிறதென்கின்றனர். ஆட்டத்தின் கடினத்தைக் கம்பெனியார் மறைவில் மாற்றுவதாக 2020-ல் கலிபோர்னியாவில் வழக்கும் தொடரப்பட்டது. கம்பெனியார் மறுத்தனர், 2021-ல் வாதிகளே வழக்கை வாபஸ் பெற்றனர்.

எனினும், குறை முழுவதும் கற்பனையென்று நாம் சொல்லோம். உயர்ந்த படியில், சாமான்யச் சங்கத்தின் வீரனும் உலகப் பிரசித்தி பெற்றவனைப்போல் பந்தைப் பிசகாமல் அனுப்புவது இயற்கைக்கு ஒவ்வாது. இதற்குப் பரிகாரம் விளையாட்டிலேயே இருக்கிறது. ஓட்டத்தின் வேகம், பந்தனுப்புவதில் நேரும் பிழை முதலியவற்றை 0 முதல் 100 வரை, தமக்கும் எதிரிக்கும் தனித்தனியே திருத்திக்கொள்ளலாம். எதிரியின் பிழையைக் கூட்டுவோர் தம் பிழையையும் அதே அளவு கூட்டட்டும். தமக்கொரு நீதி, எதிரிக்கொரு நீதி வைத்துப் பெறும் ஜயம், கீழ்ப்படியில் பெறும் ஜயத்தினும் இழிவானது.

வாலிபர்களே! இன்றே ஒரு படி ஏறி ஆடுங்கள். முதல் வாரம் தோல்வியே கிட்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும், கோல் எவ்வழி வந்ததென்று ஆராயுங்கள். அவ்வழியை அடைக்கக் கற்றவன் பெறும் ஒரே ஒரு கோல் வெற்றியே பெருமைக்குரியது.