93,000 பேரைத் திருப்பி அனுப்பினோம். நம்ம 54 பேர் எங்கே?

'அரண்' படம் ஞாபகம் இருக்கா? 2006இல் மலையாளத்தில் 'கீர்த்தி சக்ரா'வாக வந்து, தமிழில் 'அரண்' ஆனது. மோகன்லால் மேஜர் மகாதேவன், நம்ம ஜீவா ஹவில்தார். இயக்குநர் மேஜர் ரவி நிஜமாகவே ராணுவத்தில் இருந்தவர். அதனால்தான் அந்தப் படத்தில் சிப்பாய்க்கு ஒரு வீடு இருந்தது, காத்திருக்க ஒரு மனைவி இருந்தார். ஜனங்களும் கொண்டாடினாங்க.

அதே மகாதேவனை வைத்து அடுத்தடுத்து எடுத்து, 2017இல் '1971: பியாண்ட் பார்டர்ஸ்' வரைக்கும் வந்தார்கள். விமர்சகர்களும் கைவிட்டார்கள், ரசிகர்களும் கைவிட்டார்கள். ஏன்? சிப்பாய் போய் மேடைப் பேச்சாளர் வந்துட்டார். நெஞ்சை நிமிர்த்தி வசனம், பின்னாடி கொடி, அதுக்கு மேல இசை. மோகன்லால் அப்பா, மகன் என்று இரண்டு வேடத்தில் வந்தும் ஒரு மனுஷன்கூட மனசில் நிற்கலை.

இதைச் சொன்னா உடனே "ராணுவத்தை அவமானப்படுத்துறியா?"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். ஐயா, டிக்கெட் வாங்கின படத்தைத்தான் நல்லா இல்லைன்னு சொல்றோம். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் ராணுவத்தினரை 2015 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், போலீஸ் இழுத்து அப்புறப்படுத்தப் பார்த்ததே! அப்போ எங்கே போயிருந்தீங்க?

1971ன்னு பெயர் வைத்தால் சொல்ல வேண்டிய கதை வேற இருக்கு. டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த போர். டாக்காவில் சரணடைந்து நம்மிடம் கைதியானவர்கள் சுமார் 93,000 பேர். பின்னால் அவர்களைத் திருப்பி அனுப்பினோம். ஆனால் பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக இந்திய அரசே நம்பிய நம் வீரர்கள் 54 பேர் திரும்பவே இல்லை. 'எங்களிடம் யாரும் இல்லை' என்றது பாகிஸ்தான்.

அந்தக் கைதிகளைப் பற்றி 2007இல் மனோஜ் பாஜ்பாய் நடித்து '1971' என்றே ஒரு இந்திப் படம் வந்தது. தேசிய விருதும் வாங்கியது. தியேட்டரில் ஓடலை. அதே 2007இல் காணாமல் போனவர்களின் உறவினர்கள் 14 பேர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்த 54 பேருக்காக இத்தனை வருஷத்தில் எந்தெந்தக் கடிதம் போனது, என்னென்ன பதில் வந்தது என்பதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கையாக வைக்கட்டும். அடுத்த போர்ப் படத்துக்கு வரிவிலக்கு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.