ஸ்டிரைக் ரேட் எழுதும் பொய் வரலாறு

பழைய கிரிக்கெட் வீரர்கள் மந்தமான காலத்தில் மந்தமாக ஆடியவர்கள், இன்றைய ஆட்டத்தில் அவர்களுக்கு அணியில் இடமே கிடைத்திராது என்னும் எண்ணம் இளைய ரசிகர்களிடையே ஆராயத் தேவையற்ற உண்மைபோல் வேரூன்றிவிட்டது. 2024 ஐபிஎல் பருவத்தில் விராட் கோலியின் ஸ்டிரைக் ரேட்டை, அதாவது ஒரு மட்டையாளர் 100 பந்துகளுக்கு எத்தனை ஓட்டம் எடுக்கிறார் என்னும் வீதத்தை, சுனில் கவாஸ்கர் குறைகூறியபோது, அக்கருத்து சரியா தவறா என்று விவாதிக்க முன்வந்தவர்களைவிட, 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் 174 பந்துகளில் எடுத்த 36 ஓட்டங்களைச் சொல்லி ஏளனம் செய்தவர்களே மிகுதி. அந்த ஆட்டம் மோசமானதுதான். அன்றே அது கண்டிக்கப்பட்டது. ஆனால் அது இந்தியா விளையாடிய மூன்றாவது ஒருநாள் சர்வதேசப் போட்டி என்பதையும், அதே மனிதர் 1983இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப் பந்துவீச்சாளர்களான மார்ஷலையும் ஹோல்டிங்கையும் எதிர்த்து 94 பந்துகளில் டெஸ்ட் சதம் அடித்தார் என்பதையும் அறியாமலேயே 34 டெஸ்ட் சதங்களை ஒரே பகற்பொழுதின் அடியில் புதைப்பது அறியாமையன்றி வேறில்லை.

கவாஸ்கராவது தொலைக்காட்சியில் முகம் தெரிவதால் ஏளனத்துக்காகவேனும் நினைக்கப்படுகிறார். குண்டப்பா விஸ்வநாத்துக்கு அதுவும் இல்லை. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த நான்காவது டெஸ்டில், காயம் காரணமாகக் கவாஸ்கர் இடம்பெறாத இந்திய அணி 117 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை இழந்து நின்றது. ஆன்டி ராபர்ட்ஸ் ஒருவரே அந்த இன்னிங்ஸில் 64 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மறுமுனையில் பேடியும், தம் டெஸ்ட் வாழ்வில் எடுத்த ஓட்டங்களைவிட வீழ்த்திய விக்கெட்டுகள் அதிகம் என்ற பெயர் பெற்ற சந்திரசேகரும் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில், விஸ்வநாத் பந்துவீச்சை அடித்து ஆடி அணியை 190க்குக் கொண்டுசென்றார். கடைசி விக்கெட் விழுந்தபோது அவர் 97 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். மற்றவர் எவரும் 20 ஓட்டங்களைத் தொடவில்லை. சதம் இல்லை என்பதால் சதங்களின் பட்டியலில் இடம்பெறாத அந்த ஆட்டம், சேப்பாக்கம் கண்ட எந்தச் சதத்துக்கும் குறைந்ததன்று.

இன்றைய வேகத்தை அவர்களால் தாங்க முடியாது என்போர், அந்த 97 ஓட்டங்கள் எந்தப் பாதுகாப்புடன் எடுக்கப்பட்டவை என்று கேட்டுப் பார்ப்பதில்லை. ஹெல்மெட் அணியும் வழக்கம் சில ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலிய ஊடக அதிபர் கெரி பேக்கர் தனியாக நடத்திய தொடரை ஒட்டியே பரவியது. பவுன்சர், அதாவது தரையில் குத்தி மார்புக்கும் தலைக்கும் எழும்பும் பந்து, ஓர் ஓவரில் ஒரு மட்டையாளருக்கு இத்தனைதான் வீசலாம் என்ற வரம்பை ஐசிசி 1991இல்தான் விதித்தது. ராபர்ட்ஸோ ஒரே கைவீச்சில் இருவேறு வேகங்களில் பவுன்சர் வீசவல்லவர்; மெதுவானதைக் கண்டு ஏமாந்தவரை அடுத்து வருவது தாக்கும். இன்றைய மட்டைகளின் ஓரம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2017இல் விதி எழுத வேண்டிய அளவுக்கு அவை தடித்துவிட்டன. எல்லைக்கயிறும் பல மைதானங்களில் உள்ளே இழுக்கப்பட்டுள்ளது. தவறிப் பட்ட பந்தும் சிக்ஸராகும் காலத்தின் அளவுகோலை, தலைக்கவசமின்றி 5 அடி 3 அங்குல மனிதர் ராபர்ட்ஸை ஸ்கொயர் கட் செய்த காலத்தின்மீது வைத்து அளப்பது அளவையியலுக்கே அவமதிப்பு.

அதைவிடக் கொடுமை, அந்த அளவுகோலுக்கு வேண்டிய தரவே பல இடங்களில் இல்லை என்பது. அக்காலத்து டெஸ்ட் ஸ்கோர் பட்டியல்கள் பலவற்றில் மட்டையாளர் எதிர்கொண்ட பந்துகளின் எண்ணிக்கை பதியப்படவில்லை. அவ்வாறிருக்க, விஸ்வநாத்தின் தலைமுறையே மந்தம் என்ற தீர்ப்பு எந்தக் கணக்கிலிருந்து எழுந்தது? கணக்கு இல்லாத இடத்தில், காணொளியாகக் கிடைப்பவர் மட்டுமே விளையாடினார் என்ற நம்பிக்கை புகுந்துவிடுகிறது. தெண்டுல்கருக்குப் பின் பிறந்தது கிரிக்கெட் என்றும், தோனிக்குப் பின் பிறந்தது வெற்றி என்றும் வரலாற்றைச் சுருக்குவோர், அந்தச் சேப்பாக்க டெஸ்டில் பிரசன்னாவின் சுழலும் துணைநிற்க இந்தியா 100 ஓட்ட வித்தியாசத்தில் வென்று, முதலிரண்டு ஆட்டங்களையும் இழந்த தொடரை 2-2 எனச் சமன்செய்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இந்த மறதியைத் திரை நட்சத்திரங்களுக்குக் கட்-அவுட் வைக்கும் மனப்பான்மை மேலும் வளர்க்கிறது. ஒருவரை உயர்த்த மற்றொருவரைத் தாழ்த்தியாக வேண்டும் என்ற ரசிகர் சண்டையின் விதி, ஆட்டத்தை அறிய வேண்டும் என்ற ஆர்வத்தை விழுங்கிவிட்டது. சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளில் இந்திய அணித்தலைவராக இருந்தவர் என்பதைச் சென்னை ரசிகரே அறியாதிருக்கிறார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்ற அணியின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் என்பதும், அதன்பின் ஹாக்கியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் தங்கமே கிடைத்ததில்லை என்பதும் ஐபிஎல் ஏலத்தொகையை மனப்பாடமாகச் சொல்லும் நாவில் வருவதில்லை. ஏலத்தில் விலைபோகாத காலத்தில் ஆடியவர் தகுதியிலும் குறைந்தவர் என்ற சந்தைக் கணக்கு, விளையாட்டைப் பற்றிய அறிவாக இன்று உலவுகிறது.

பழி முழுவதும் இளைஞர்மீது சாராது. பழைய ஒளிப்பதிவுகளையும் ஸ்கோர் புத்தகங்களையும் கைவசம் வைத்திருக்கும் கிரிக்கெட் சங்கங்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் அவற்றை மக்கள் பார்க்கும்படி திறந்துவிடுவதைக் கடமையாகக் கருதவில்லை. வர்ணனையாளர்களும் ஒரே நான்கைந்து காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழமை என்று பெயரிடுகின்றனர். சங்கங்கள் அந்தப் பெட்டிகளைத் திறக்க வேண்டும். அதுவரை, ஸ்டிரைக் ரேட்டைக் கொண்டு முன்னோரை எடைபோட முனையும் ரசிகர், 190 ஓட்டங்களில் 97 எடுத்தவரின் பெயர் உள்ள அந்த ஒரு பக்க ஸ்கோர் பட்டியலையாவது முழுதாகப் படித்துவிட்டுப் பேசட்டும்.