போட்டோ மாதிரியே இருக்கு!

காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, யாரோ போய்விட்டார்கள். இரண்டு, யாரோ கெட்டுப் போய்விட்டார்கள்.

"தம்பி, உடனே கடலூர் கிளம்பி வா. பையன் பி.காம். சேர மாட்டேங்கிறான். படம் வரையற காலேஜுக்குத்தான் போவேன்னு ரெண்டு நாளா சாப்பிடல."

(இரண்டு நாள் என்பது அக்கா கணக்கு. நடுவில் ஒரு பிரியாணி வந்து போனதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.)

சிதம்பரத்தில் பஸ் ஏறி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீயும் பி.காம்.தானே மச்சான், கெட்டா போயிட்ட?"

பதில் சொல்லவில்லை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாது.

"சென்னை ஓவியக் கல்லூரி 1850-ல தொடங்கினது மாமா. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-தான்" என்றேன்.

"அவ்ளோ வருஷமா நடத்துறாங்க, நம்ம சொந்தத்துல யாராவது ஒருத்தன் அதுல படிச்சிருக்கானா?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பையன் தன் படங்களைக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினான். சினிமா ஹீரோக்கள், கிரிக்கெட் வீரர்கள், எதிர் வீட்டுக் குழந்தை. எல்லாம் பென்சில். செல்போனில் படத்தை வைத்து, கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தவை. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"போட்டோ மாதிரியே இருக்குல்ல?" என்றாள் அக்கா பெருமையாக.

அதுதான் சிக்கல். போட்டோ மாதிரியே இருந்தது. எதை எடுத்துப் பார்த்தாலும் போனைத்தான் பாராட்டத் தோன்றியது. ஒரு படத்திலும் இவன் இல்லை. கீழே கையெழுத்துகூடப் போடவில்லை.

கையெழுத்து விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. பள்ளிக்கூட நாட்களில் மதனின் கார்ட்டூன்களைப் பார்த்துப் பார்த்து வரைவேன். ரெட்டைவால் ரெங்குடு என் கையில் அச்சாக வருவான். கீழே மதன் கையெழுத்தையும் சேர்த்தே போட்டுவிடுவேன். டிராயிங் வாத்தியார் பார்த்துவிட்டு, "படம் சுமார்டா, கையெழுத்து பிரமாதம்" என்றார். அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு பேலன்ஸ் ஷீட் பக்கம் போய்விட்டேன்.

பிறகு எழுத வந்தபோதும் அதே கதைதான். முதல் பத்துக் கட்டுரையும் சுஜாதா மாதிரி எழுதினேன். ஆசிரியர் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சுஜாதாவைப் படிக்கணும்னா நாங்க சுஜாதாவையே படிச்சுக்குவோமே சார்." அன்று சாப்பாடு இறங்கவில்லை. (நிஜமாகவே. பிரியாணியும் வரவில்லை.)

காப்பியடிப்பது தப்பில்லை. குழந்தை அம்மா பேசுவதைக் காப்பியடித்துத்தான் பேச வருகிறது. நாற்பது வயதிலும் அம்மா குரலிலேயே பேசினால்தான் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

பையனிடம் கே.சி.எஸ். பணிக்கர் கதையைச் சொன்னேன். கோயமுத்தூரில் 1911-ல் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். ஆபீஸ் நாற்காலியை விட்டுவிட்டு, 25 வயதில் சென்னை ஓவியப் பள்ளிக்கு மாணவராகப் போனார். பிறகு 1957-ல் அதற்கே முதல்வர் ஆனார். நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் அருமையாக வரைவார். 1954-ல் லண்டனில் கண்காட்சி வைத்தார். பெயர் இருந்தது, பதவி இருந்தது. ஆனாலும் இதில் என்னுடையது எது, இந்த மண்ணுடையது எது என்ற கேள்வி அவரை விடவில்லை.

விடை 1963-ல் வந்தது. எங்கிருந்து என்கிறீர்கள்? ஒரு காமர்ஸ் மாணவனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து! எண்களும் எழுத்துகளும் கோடு போட்ட கட்டங்களுமாக இருந்த அந்தப் பக்கம்தான் தொடக்கம். நாம் தூக்கம் வராமல் பார்க்கவே முடியாத அந்தப் பக்கத்தில் அவர் ஓவியத்தைப் பார்த்திருக்கிறார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை பிறந்தது. முதலில் ஆங்கில எழுத்துகள். அவை ஒட்டவில்லை என்று, பிறகு தன் தாய்மொழியான மலையாள எழுத்துகளுக்கு வந்தார். ஜாதகக் கட்டம் போன்ற கோலங்கள் சேர்ந்தன. அந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் தேடக் கூடாது. அவை பார்ப்பதற்கு மட்டும்.

அப்போது அவருக்கு வயது 52. அடுத்த மூன்றே வருஷத்தில், 1966-ல், நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். படம் மட்டும் வரைந்தால் அடுப்பெரியாது என்பதால், பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுக் கிராமத்தை நடத்தினார்கள்.

"அம்பத்திரெண்டு வயசா!" என்று அலறினான் பையன். மாமா முகம் மலர்ந்தது. "பாத்தியா? அதுவரைக்கும் பி.காம். படி."

அடுத்த ஞாயிறு பையனைச் சிதம்பரத்துக்கு வரவழைத்தேன். கிழக்குக் கோபுர வாசல். உள்ளே நுழையும்போது இரண்டு பக்கச் சுவரிலும் நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்கள், மொத்தம் 108. நாம் செருப்பை எங்கே விடுவது என்ற கவலையில் கடந்து போகிற சிற்பங்கள்.

போனை எடுத்தான். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "பேனா மட்டும். ரப்பர் கிடையாது. ஒரே கரணத்தைப் பத்துத் தடவை வரை."

முதல் மூன்று கண்றாவி. கட்டம் இல்லாமல் அவனுக்குக் கை நடுங்கியது. நான்காவதில் கோபம் தெரிந்தது. ஏழாவதில் கோடு ஓட ஆரம்பித்தது. பிறகு மேற்குக் கோபுரத்துக்குக் கூட்டிப்போய் அதே கரணத்தைத் தேடச் சொன்னேன். கண்டுபிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, அதே ஸ்டெப்புதான். ஆனா வேற ஆளு."

"எப்படிச் சொல்ற?"

"இவரு இடுப்பை வேற மாதிரி வளைச்சிருக்காரு. அவரு கையில கவனமா இருந்தாரு, இவரு முட்டியில கவனமா இருக்காரு."

நான் சொல்ல வந்ததை அவனே சொல்லிவிட்டான். சாஸ்திரம் ஒன்று, கை வேறு. பேர் எழுதாமல் போன அந்தச் சிற்பி எதை ரசித்தான் என்பது இத்தனை நூற்றாண்டு கழித்து, மஞ்சக்குப்பத்துப் பையனுக்குத் தெரிகிறது. ஸ்டைல் என்று ஒன்றைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். நம் கை எங்கே நிற்கிறதோ, எங்கே திரும்பத் திரும்பப் போகிறதோ, அங்கேதான் அது ஒளிந்திருக்கிறது.

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறையூர்ப் பக்கம் கீரம்பூர்க்காரர். 1969-ல், காந்தி நூற்றாண்டில், காந்தியை மட்டுமே ஏறக்குறைய நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். காந்தி முகம் எல்லாருக்கும் தெரியும். ஒரு கண்ணாடியும் தடியும் போட்டால் போதும், குழந்தைகூட வரைந்துவிடும். ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்தால் காந்திக்கு முன்னால் ஆதிமூலம் தெரிவார். பிறகு ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்தபோதும் அதே கை. கடைசியில் உருவங்களையே விட்டுவிட்டு வெறும் வண்ணங்களுக்குப் போனார். அங்கேயும் அதே ஆள்.

இன்றைக்குப் போனிடம் 'இந்த ஓவியர் மாதிரி போடு' என்றால் நொடியில் போட்டுத் தருகிறது. 'என்னை மாதிரி போடு' என்றால் அது கேட்கும், நீ யார் என்று. அதற்கு நாம்தான் பதில் வைத்திருக்க வேண்டும்.

ராத்திரி பையனைக் கடலூரில் கொண்டுபோய் விட்டேன். பத்துத் தாளையும் அப்பாவிடம் நீட்டினான். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவதில் நின்றார்.

"என்னடா இது, போட்டோ மாதிரி இல்லியே?"

"இல்லப்பா" என்றான் பையன், சந்தோஷமாக. தாளின் மூலையில் சின்னதாக அவன் கையெழுத்து இருந்தது.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "கும்பகோணத்துலயும் அந்தக் காலேஜ் இருக்காமே மச்சான். ஹாஸ்டலுக்கு எவ்ளோ ஆகும்?" என்றார்.

எங்கள் குடும்பத்தில் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டால், பாதி சம்மதம் என்று அர்த்தம்.